போன மண்ணும் வந்த மண்ணும்

மனை வாங்கியாயிற்று. பத்திரமும் கைக்கு வந்தாயிற்று. நல்ல நாள் பார்த்துப் பூமி பூஜையும் போட்டாயிற்று. மறுநாள் காலையில் பொக்லைன் இயந்திரம் ஒன்று யானை மாதிரி ஆடி அசைந்து வருகிறது, துதிக்கையை நீட்டுகிறது, மத்தியானச் சாப்பாட்டுக்குள் உங்கள் மனையைக் குழியும் குன்றுமாக ஆக்கிவிட்டுப் போய்விடுகிறது. குழியைப் பற்றி உங்களுக்குக் கவலை இல்லை. அதற்குக் கம்பி, ஜல்லி, சிமெண்டு என்று ஆளுக்கொரு யோசனை சொல்ல ஊரே இருக்கிறது. குன்றைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறப்பதில்லை. வீட்டு எஸ்டிமேட்டை எடுத்துப் பாருங்கள். ஜன்னல் கொக்கிக்குக்கூட ஒரு வரி இருக்கும். தோண்டிய மண்ணுக்கு இருக்காது.

இந்த வாரம் அந்த மண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "மண்ணைப் பற்றி என்ன பேச்சு?" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். அதில் உங்கள் வீட்டுப் பணம் இருக்கிறது. பக்கத்து வீட்டு உறவு இருக்கிறது. சில சமயம் கூலிக்கு வந்த ஒருத்தியின் உயிரும் இருக்கிறது.

சேலத்துக்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணம் என்ற ஊரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆத்தூர், விருத்தாசலம் பக்கம் போகிற ரயில் அங்கே நிற்கும். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டதால் ஸ்ரீராமருக்கு அங்கேயே பட்டாபிஷேகம் ஆகிவிட்டது என்பது ஸ்தல புராணம். கோதண்டராமர் கோவில் மண்டபத்துத் தூண்களைப் பார்த்துக் கொண்டே ஒரு பொழுதைக் கழித்துவிடலாம். இப்போது அந்த ஊரில் கோவிலைச் சுற்றிலும் ரயில் பாதையை ஒட்டியும் மனைக்கல் நட்ட இடங்கள்தான். சேலம் பட்டணத்தில் மனை விலைக்கு அஞ்சியவர்கள் எல்லாரும் இங்கே வந்து வீடு கட்டுகிறார்கள்.

அப்படிக் கட்டிய ஓர் ஆசிரியை அம்மாள் சொன்ன கதை இது. குழி தோண்டிய அன்றைக்கே மேஸ்திரி வந்து நின்றாராம்.

"அம்மா, இந்த மண்ணு கெடந்தா வேலை ஓடாதுங்க. டிராக்டர்க்காரன் தயாரா நிக்கிறான். வாடகை மட்டும் குடுத்துட்டீங்கன்னா இடம் சுத்தமாயிடும்."

அம்மாளுக்குச் சந்தோஷம். குப்பை போனால் சரி என்று வாடகையைக் கொடுத்துவிட்டார். ஆறு வாரம் கழிந்தது. பேஸ்மட்டம் எழும்பி நின்றது. மேஸ்திரி மறுபடி வந்தார்.

"உள்ளே ரொப்பணும்ங்கம்மா. 18 யூனிட்டு மண்ணு வேணும். நம்ம டிராக்டர்க்காரனே சல்லிசாத் தருவான்."

மண் வந்து இறங்கிற்று. வாசலில் உட்கார்ந்திருந்த மாமியார்க் கிழவி கைத்தடியால் அதைக் கிளறிக் கொண்டே இருந்தவர், "ஏம்மா, இது நம்ம மண்ணுதான்!" என்று கூவிவிட்டாராம். அந்த மனையின் மூலையில் முன்பு அவர்கள் குடியிருந்த ஓட்டு வீடு இருந்தது. அங்கே அவர் காலத்தில் உடைத்துப் போட்ட ஊறுகாய் ஜாடியின் நீலப் பூப்போட்ட துண்டு, விலைக்கு வாங்கிய மண்ணில் கிடந்து பல்லை இளித்தது!

டிராக்டர்க்காரர் எங்கேயோ காலி மனையில் கொட்டி வைத்திருந்ததையே திரும்பக் கொண்டு வந்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. நாம் வேண்டாம் என்றதைத்தானே எடுத்துப் போனார்?

காகிதமும் பென்சிலும் எடுங்கள். மளிகைக் கணக்கை விட இது சுலபம். கட்டட வேலையில் 100 கன அடிக்கு ஒரு யூனிட் என்று பெயர். டிராக்டர் டிரெய்லர் ஒன்றில் ஏறக்குறைய ஒரு யூனிட் போகும். உங்கள் மனை 30-க்கு 40 என்று வைத்துக் கொள்ளுங்கள். வீட்டுத் தளம் 750 சதுர அடி. தூண்களுக்கு 9 குழிகள், ஒவ்வொன்றும் 4 அடிக்கு 4 அடி, ஆழம் 5 அடி. அது 720 கன அடி. தண்ணீர்த் தொட்டிக்கு 8-க்கு 6-க்கு 6 அடி, அது 288. கழிவுத் தொட்டிக்கு 8-க்கு 5-க்கு 6, அது 240. ஆக மொத்தம் 1,248 கன அடி. பன்னிரண்டரை யூனிட் என்று சொல்லலாம்.

வெளியே குவித்துப் பார்த்தால் மலை மாதிரித் தெரியும். காரணம், பூமிக்குள் இறுகிக் கிடந்த மண் வெட்டி எடுத்ததும் பொலபொலவென்று உப்பிவிடுகிறது. நாலில் ஒரு பங்கு கூடுவது சாதாரணம். அந்தக் குவியல் 15 யூனிட்டைத் தாண்டி நிற்கும். அதைப் பார்த்துப் பயந்துதான் "எடுத்துப் போ" என்கிறோம்.

இப்போது தேவைக் கணக்கு. கான்கிரீட் போட்ட பிறகு தூண் குழிகளில் முக்கால் பங்கு திரும்ப மூட வேண்டும், அது 540. பேஸ்மட்டத்துக்குள்ளே, சுவர் போக 650 சதுர அடி இடத்தை 2 அடி உயரத்துக்கு நிரப்ப வேண்டும், அது 1,300. மொத்தம் 1,840 கன அடி, அதுவும் இடித்துக் கெட்டிப்படுத்திய அளவு. ஆக, உங்களுக்கு மண் மிச்சமே இல்லை. 6 யூனிட்டுக்குக் கிட்டத்தட்டக் குறைகிறது. மலை மாதிரி இருந்தது போதவில்லை!

உங்கள் வீட்டு அளவு வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை இதுதான். பொக்லைன் வருவதற்கு முதல் நாளே போட்டு வையுங்கள். வந்த பிறகு மேஸ்திரி அவசரப்படுத்துவார்.

மேஸ்திரி சொல்வதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சின்ன மனையில் கம்பி வளைக்கவும் ஜல்லி கொட்டவும் இடம் வேண்டும். பக்கத்து மனை காலியாக இருந்தால், அதன் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே போய், "இரண்டு மாதம் வைத்துக் கொள்கிறோம்" என்று கேளுங்கள். ஒரு தட்டு வெற்றிலை பாக்கோடு போனால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்காமல் கொட்டுவதில்தான் சண்டையே வருகிறது.

எல்லா மண்ணும் உள்ளே போட ஏற்றது அல்ல. சேலம் சீமையில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. சில இடத்தில் நாலு அடி தோண்டினால் முரம்பு வந்துவிடும். செம்மண்ணும் முரம்பும் உத்தமம். கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதை நிரப்பி மேலே டைல்ஸ் பதித்தால், மூன்றாம் வருஷம் தரை அங்கங்கே அமுங்கி விரிசல் விட்டுவிடும். சந்தேகமாக இருந்தால் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி, ஜன்னல் திட்டில் வையுங்கள். மணல் உடனே அடியில் உட்காரும். மறுநாளும் தண்ணீர் கலங்கலாகவே இருந்து, மேலே வழவழப்பான களி பருமனாகப் படிந்தால் அந்த மண்ணை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். தோட்டத்துக்கு அனுப்புங்கள்.

நிரப்புவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. இரண்டு அடியையும் ஒரே நாளில் கொட்டி மூடிவிட்டுப் போவதுதான் இப்போது வழக்கமாகிவிட்டது. அரை அடி, முக்கால் அடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையாலோ இயந்திரத்தாலோ இடித்து, பிறகுதான் அடுத்த அடுக்கு. வேர், மரத்துண்டு, பிளாஸ்டிக் பை இவற்றைப் பொறுக்கி எறிய வேண்டும். வேரும் மரமும் மண்ணுக்குள் கிடந்தால் கரையானுக்கு நாமே விருந்து வைத்தது போல ஆகும். அன்றைக்கு மட்டும் ஒரு நாற்காலியைப் போட்டுக் கொண்டு நீங்கள் அங்கே உட்கார்ந்துவிடுங்கள். அதிகம் பேச வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும்.

குன்றை எங்கே குவிப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. பொக்லைன்காரருக்குச் சௌகரியம் குழியின் விளிம்பிலேயே கொட்டிவிடுவது. கூடாது. விளிம்பில் ஏறிய பாரம் குழியின் பக்கத்துச் சுவரைத் தள்ளிக் கொண்டே இருக்கும். ஒரு மழை பெய்தால் போதும். உள்ளே குனிந்து கூடை நிரப்பிக் கொண்டிருக்கும் சித்தாள் பெண்ணின் மேல்தான் அது விழும். குழியின் ஆழத்தில் பாதியோ, 5 அடியோ, எது அதிகமோ அவ்வளவு தூரம் தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். 2024 பிப்ரவரி 7-ந் தேதி ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில், தடுப்புச் சுவர் கட்ட மண் தோண்டிக் கொண்டிருந்தபோது மேலே இருந்த பழைய கட்டடம் மண்ணோடு சரிந்து 6 பேர் இறந்தார்கள். 6 பேரும் பெண்கள். காலையில் சோற்றுப் பாத்திரத்தோடு வேலைக்கு வந்தவர்கள். மண் எவ்வளவு கனம் என்று நமக்கு ஞாபகம் இருப்பதில்லை. ஒரு கன அடி மண் ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். சிமெண்டு மூட்டைக் கணக்கு.

குவியலைச் சுற்றி நாலு செங்கல்லாவது வரிசையாக அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு வையுங்கள். சேலம் பக்கத்தில் மழை சொல்லிக் கொண்டு வராது. ஒரு ராத்திரி மழையில் பாதி மண் தெருச் சாக்கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், அடுத்த மழையில் தெருத் தண்ணீரெல்லாம் தாழ்ந்த வீட்டுக்குள் நுழையும். அந்த வீட்டுக்காரர்கள் உங்களுடன் கோடையில்தான் பேசுவார்கள். சாக்கடையையும் போக்குவரத்தையும் அடைக்கும்படி கட்டட மண்ணைப் போடக்கூடாது என்று மத்திய சர்க்கார் 2016-ஆம் வருஷத்து விதிகளிலேயே சொல்லியிருந்தது. பெரிய வேலைகளில் மண், கான்கிரீட், செங்கல், இரும்பு எல்லாவற்றையும் வெவ்வேறாகப் பிரித்து வைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. பிறகு 2025-ல் புது விதிகளை அறிவித்து, 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமல் என்றார்கள். விதி மாறினாலும் உங்கள் தெருச் சாக்கடையின் அகலம் மாறப் போவதில்லை.

சரி, நிஜமாகவே மண் மிஞ்சினால்? தெருவை விட மேடான மனை, அடியில் கார் நிறுத்தும் இடத்தோடு கட்டும் அடுக்கு வீடு, இவற்றிலெல்லாம் மிஞ்சத்தான் செய்யும். 60-க்கு 40 இடத்தில் 10 அடி தோண்டினால் 240 யூனிட். பெட்டிக்குள் வைத்துப் பூட்டக் கூடிய சாமான் அல்ல. பள்ளமான மனை வைத்திருப்பவர், பள்ளிக்கூட மைதானம் மேடாக்குகிறவர், சாலை போடுகிறவர் என்று யாருக்காவது தேவை இருக்கும். தோண்டுவதற்கு ஒரு மாதம் முன்பே விசாரித்துவிட வேண்டும். தோண்டிய பிறகு விசாரித்தால், வருகிற ஒரே ஆள் டிராக்டர்க்காரர்தான்.

இதில் ஒரு சட்ட சமாசாரமும் இருக்கிறது. கரை, சாலை, ரயில் பாதை, கட்டடம் இவற்றில் நிரப்பவும் மட்டம் செய்யவும் உபயோகிக்கிற சாதாரண மண்ணும் 'சிறு கனிமம்' என்று மத்திய சர்க்கார் 2000-ஆம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி அறிவித்தது. அதை வைத்துக் கொண்டு மகாராஷ்டிரத்தில், அஸ்திவாரம் தோண்டியவர்களிடம் "கனிமம் எடுத்தீர்கள், பணம் கட்டுங்கள்" என்று அதிகாரிகள் கேட்டார்கள். புனேயில் கட்டடம் கட்டுவோர் சங்கத்தார் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2014 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மண்ணைத் தோண்டிவிட்டதாலேயே அது கனிமம் ஆகிவிடாது. அந்த மண் எதற்குப் பயன்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. உங்கள் வீட்டுக் குழி மண் உங்கள் வீட்டுக் குழிக்கே திரும்பினால் பயமில்லை. லாரியில் ஏறி விலைக்குப் போகிறது என்றால் சங்கதி வேறு. அப்போது கனிமவளத் துறை ஆபீசில் கேட்டு, அனுமதிச் சீட்டு வாங்கிக் கொண்டு அனுப்புங்கள். "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று யாராவது சொன்னால், எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்.

மண்ணை எடுத்துப் போகிறவர் எங்கே கொட்டுகிறார் என்று கேட்டதுண்டா? பல ஊர்களில் அது ராத்திரி வேளையில் ஏரிக்கும் ஓடைக்கும் போய்ச் சேருகிறது. கோடையில் வறண்டு கிடக்கும் ஏரி யாருக்கும் சொந்தமில்லாத பள்ளம் மாதிரித் தெரிகிறது. ஒரு யூனிட் மண் 2,830 லிட்டர் தண்ணீரின் இடத்தை அடைத்துக் கொள்ளும். நாலேகால் யூனிட் கொட்டினால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று போயிற்று. ஒரு தடவை அல்ல, ஏரி நிரம்புகிற ஒவ்வொரு வருஷமும். அதே தண்ணீரைத்தான் கோடையில் லாரியில் விலைக்கு வாங்குகிறோம். வேடிக்கை என்னவென்றால், ஏரிகளில் படிந்த வண்டலையும் களிமண்ணையும் இலவசமாக எடுத்துப் போகலாம், தாசில்தார் அனுமதி போதும் என்று 2024-ல் தமிழ்நாடு சர்க்கார் விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் வழி செய்தது. ஒரு பக்கம் அவர்கள் ஏரியைத் தூர்வாரி வண்டியில் ஏற்ற, மறுபக்கம் நாம் கொண்டு போய்க் கொட்டுகிறோம்!

கேட்பாரில்லாமல் கொட்டிக் கொண்டே போனால் என்ன ஆகும் என்பதைச் சீன தேசத்து ஷென்ஜென் நகரம் கண்டது. ஊரெங்கும் கட்டடங்களுக்குத் தோண்டிய மண்ணைக் கொண்டு போய்ப் பழைய கல் குவாரி ஒன்றில் மலையாகக் குவித்தார்கள். அடியில் தண்ணீர் வடிய வழி இல்லை. 2015 டிசம்பர் 20-ந் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த மலை அப்படியே கீழே வழுக்கி வந்து 33 கட்டடங்களை மூடிற்று. இறந்தவர்கள் 73 பேர்.

இவ்வளவு பயமுறுத்திய பிறகு ஒரு நல்ல சேதியும் சொல்ல வேண்டும். அதைத் தேடி வெகு தூரம் போக வேண்டாம். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து புறப்பட்டால் ஒரு காப்பி ஆறுவதற்குள் சேர்ந்துவிடலாம். சேலம் கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலையடியில் மூக்கனேரி இருக்கிறது. சுமார் 58 ஏக்கர். தூர்ந்து, குப்பையும் கழிவும் சேர்ந்து கிடந்த அந்த ஏரியை 2010-ல் சேலம் மக்கள் குழு என்ற ஊர்க்காரர்களின் அமைப்பு சீர்படுத்தக் கிளம்பியது. ஆழப்படுத்தியாயிற்று, எடுத்த மண்ணை என்ன செய்வது? லாரி வைத்து வெளியே கொண்டு போவதென்றால், செலவுக்கு மட்டுமல்ல, கொட்டுவதற்கும் இடம் தேட வேண்டும். அவர்கள் அந்த மண்ணை ஏரிக்குள்ளேயே அங்கங்கே திட்டுத் திட்டாகக் குவித்து, மேலே மரக்கன்றுகளை நட்டுவிட்டார்கள். 40-க்கும் மேற்பட்ட குட்டித் தீவுகள்! சுற்றிலும் தண்ணீர் நின்றது. மரங்கள் வளர்ந்தன, பறவைகள் வந்து கூடு கட்டிக் கொண்டன.

நம் முன்னோர் ஏரி வெட்டிய முறையும் ஏறக்குறைய இதுதான். உள்ளே வெட்டிய மண்தான் கரை. குழிக்கும் குன்றுக்கும் சேர்த்தே கணக்குப் போட்டு இறங்கினார்கள். நம் எஸ்டிமேட்டில் பாதிக் கணக்குத்தான் இருக்கிறது.

ஒன்று பாக்கி. தோண்டும்போது முதலில் வருகிற அரை அடி மேல் மண்ணை மற்றதோடு கலக்க விடாதீர்கள். இலையும் வேரும் மக்கி, புழுவும் பூச்சியும் குடியிருந்து பதமான மண் அது. பேஸ்மட்டத்துக்குள் போட்டால் அமுங்கும். செடிக்குப் போட்டால் சோறு போடும். அதை மனையின் ஒரு மூலையில், இடுப்பளவுக்கு மேல் போகாமல் தனியாகக் குவித்து வையுங்கள். வீடு முடிய ஏழெட்டு மாதம் ஆகும். அதுவரை வெயிலிலும் மழையிலும் அது வீணாகாமல் இருக்க, மேலே இரண்டு பிடி தட்டைப் பயறு விதைத்துவிட்டுச் சுவருக்கு நனைக்கும்போது அதன் மேலும் நாலு குடம் தெளிக்கச் சொல்லுங்கள். வேர் மண்ணைப் பிடித்துக் கொள்ளும். காய்த்தால், வேலையாட்களுக்குக் குழம்பு வைக்கவும் ஆயிற்று.